குரோவின் ஊரும் கந்தையாவின் மரமும்

1

மூன்று கிழமையாக என் நெஞ்சில் ஏறியிருந்த ஒன்று போன வியாழக்கிழமை பின்னேரம் ஆறரை மணிக்கு இறங்கிவிட்டது. இறங்கிய இடம், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தின் நடைகூடம். ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், ஒஸ்லோவில் இருக்கிறவனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை ஒன்றும் இல்லை. வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, இந்த மாதம் வெயில்கூட இருக்கிறது. ஆனாலும் ஒரு பள்ளிக்கூடக் கடதாசி ஒரு மனிதனை மூன்று கிழமை உலுக்கும்.

கடதாசி இதுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு மரம் கீற, அதாவது வரைய வேண்டும். இங்கே அதற்கு ஸ்லெக்ட்ஸ்ட்ரே என்று பெயர். வம்ச மரம். அடியில் பிள்ளை, அதற்கு மேலே தாய் தகப்பன், அதற்கும் மேலே அவர்களைப் பெற்றவர்கள், முடிந்தால் அவர்களையும் பெற்றவர்கள். ஒவ்வொரு கொப்பிலும் பெயர், ஊர், செய்த வேலை. கீறி முடிந்ததும் பெற்றோர் வரும் நாளில் சுவரில் ஒட்டுவார்கள்.

மகள் ஆரபிக்குப் பத்து வயது. கடதாசி வந்த அன்று சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாள்:

"அப்பா, இங்ரிட்டின்ரை மரத்திலை ஒரு இண்டியானர் இருக்கிறா!"

இங்ரிட் அவளுடைய உயிர்ச் சினேகிதி. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிறாள்.

"மெய்யே? இந்தியாவிலை எவடமாம்?" என்று கேட்டேன்.

அடுத்த நாள் படிக்கட்டில் இங்ரிட்டின் தகப்பன் ஊலாவைக் கண்டேன். அவன் தண்ணீர்க் குழாய் பொருத்துகிறவன், நான் மின்சார வேலைக்காரன். சில கட்டடங்களில் நான் போட்ட வயருக்குப் பக்கத்திலேயே அவன் போட்ட குழாய் ஓடும். இங்கே சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் ஒரே "நீ"தான் என்பதால் அவன் பேச்சை அப்படியே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"உன்ரை குடும்பத்திலை இந்தியன் ஆக்கள் இருக்கினமாமே. எந்த மாநிலம்?"

"கன்சாஸ்" என்றான்.

"அது வடக்கோ தெற்கோ?"

"நடுவிலை."

"அப்ப ஹிந்தி கதைக்கிற ஆக்களாக்கும்."

ஊலா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடிக் கதவு திறந்தது. இந்தியாவில் இருப்பவரை இவர்கள் இண்டர் என்பார்கள். இண்டியானர் என்றால் அமெரிக்காவின் பூர்வகுடிகள், எங்கள் பாடப் புத்தகங்களில் செவ்விந்தியர் என்று போட்டிருந்த ஆட்கள். பதினான்கு வருடம் இங்கே இருந்தும் இந்த இரண்டு சொல்லும் எனக்கு வழுக்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

2

ஊலா மேலே கூட்டிக்கொண்டு போய் ஒரு படத்தைக் காட்டினான். உள்ளங்கை அளவு, மூலை மடிந்தது. ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள். கறுத்த தலைமயிர், இரண்டு பின்னல், சிரிப்பில்லாத முகம். படத்தின் பின்பக்கம் மையால் எழுதியிருந்தது: குரோ எல். ஷானி.

"என்ரை பூட்டி" என்றான். அவனுடைய அப்பப்பாவின் தாய். நூறு வருடத்துக்கு முன்னர் அமெரிக்காவிலிருந்து கைக்குழந்தையோடு கப்பலில் வந்து இறங்கியவள். இரண்டு குளிர்காலத்துக்குள் செத்துப்போனாள். அவளை அறிந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை. மிஞ்சியது இந்தப் படமும் ஒரு கதையும்தான். அவள் ஷானி இனத்துப் பெண், ஞானஸ்நானத்தில் நோர்வேஜியப் பெயர் வைத்தார்கள் என்பது கதை. ஊலாவின் தகப்பன் சொன்னார், ஊலா தன் மகளுக்குச் சொல்கிறான். வேலையிடத்தில் எல்லாருக்கும் தெரியும். கோடையில் முதுகு கறுத்தால், "அது ஷானி இரத்தம்" என்பானாம்.

இரண்டு பிள்ளைகளும் தங்கள் மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்போவதாக முடிவெடுத்திருந்தார்கள். இங்ரிட் தலையில் வைக்க இறகுக் கிரீடம் ஒன்று வேறு செய்துகொண்டிருந்தாள். எங்கள் குசினி மேசையில் ஒரு கிழமை பசையும் இறகும்தான். என் மனைவி வதனி, "இஞ்சேருங்கோ, சோத்துக்குள்ளையும் இறகு" என்று பொறுமையாகச் சொன்னாள்.

எனக்கு ஒரு பழக்கம். தெரியாத சொல் ஒன்று வந்தால் விடமாட்டேன். எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். படிக்கக் கிடைத்ததைப் படிக்காமல் விட்டால் யாரோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். சனிக்கிழமை ஆரபியைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு, அந்த மூன்று மணித்தியாலமும் நூலகத்தில் இருந்து ஷானி மக்களைப் பற்றி வாசித்தேன்.

அவர்களுடைய இடம் ஒஹாயோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. மரப்பட்டை வேய்ந்த வீடுகள். பெண்கள் சோளத் தோட்டம் செய்தார்கள். பிள்ளைக்குப் பெயரை நினைத்தபடி வைப்பதில்லை. அதற்கென்று மூத்தவர்கள் இருந்தார்கள், பெயர்களுக்கும் ஆமை, முயல் என்று கூட்டங்கள் இருந்தன. பெயரைக் கேட்டால் ஆள் எந்தக் கூட்டம் என்று தெரிந்துவிடும். பிறகு வெள்ளைக்காரர் வந்தார்கள். ஒப்பந்தம், சண்டை, மறுபடியும் ஒப்பந்தம். ஒஹாயோவிலிருந்து கன்சாஸுக்கு அனுப்பினார்கள், கன்சாஸிலிருந்து ஒக்லஹோமாவுக்கு. இன்றைக்கும் ஒக்லஹோமாவில் மூன்று ஷானி அரசுகள் இருக்கின்றன. இறகுக் கிரீடம் அவர்களுடையதே இல்லை. பழைய படங்களில் ஆண்கள் சீலைத் தலைப்பாகையோடு நின்றார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர்ச் சந்தை ஞாபகம் வந்தது.

ஷானி என்ற சொல்லுக்கே தெற்கத்தியர் என்றுதான் அர்த்தமாம். நாங்கள் இலங்கையின் வடக்கு ஆட்கள்; எங்களைத் தெற்கத்தியர் என்றால் ஊரில் அடிக்க வருவார்கள். ஆனால் நாங்கள் இப்போது குடியிருக்கும் நகரப் பகுதியின் பெயரே "தெற்கு" என்றுதான் தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றே நான் தெற்கத்தியன் ஆகிவிட்டேன் என்று வதனிக்குச் சொன்னேன். "முதல்லை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ தெற்கத்தியர்" என்றாள்.

3

இனி எங்கள் மரத்துக்கு வருகிறேன்.

"அப்பா, அப்பப்பா என்ன வேலை செய்தவர்?" என்று ஆரபி பென்சிலோடு வந்து நின்றாள்.

"தோட்டம் செய்தவர்" என்றேன்.

அவள் அதை நோர்வேஜிய மொழியில் பூந்தோட்டக்காரர் என்று எழுதி, பக்கத்தில் ஒரு துலிப் பூவும் கீறினாள். நான் திருத்தவில்லை. வதனி அடுப்படியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

என் தகப்பன் கந்தையா தோட்டம் செய்தவர் இல்லை. மரம் ஏறினவர். பனை ஏறிக் கள்ளுச் சீவினவர். அவருடைய தகப்பனும் அதுதான். அப்பாவின் நெஞ்சில் மரம் உரசி உரசி இரண்டு கை அகலத்துக்குக் காய்ப்புப் பிடித்திருக்கும். சின்ன வயதில் அதில் தலை வைத்துப் படுத்தால் கன்னம் கீறும்.

அதை மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடிய ஆள் நீங்கள் என்றால் உங்களை யாரும் "எவடம்?" என்று கேட்டிருக்கமாட்டார்கள்.

எந்த இடம் என்பதுதான் எவடம். ஆனால் அது இடத்தோடு நிற்காது. ஊர் சொன்னால் கோயிலைக் கேட்பார்கள். கோயில் சொன்னால் எந்தக் கிணற்றடி என்பார்கள். பிறகு ஆருடைய பிள்ளை. நாலாவது கேள்வியில், உங்கள் தகப்பன் என்ன தொழில், அவருக்கு யார் வீட்டு முற்றத்தில் எந்தத் தகரப் பேணியில் தேத்தண்ணி ஊற்றினார்கள் என்பது வரை கேட்டவருக்கு விளங்கிவிடும். முகத்தில் ஒன்றும் மாறாது. அடுத்த முறை காணும்போது மட்டும், "நீர்" என்றது "நீ" ஆகியிருக்கும்.

தவராசா அண்ணை என்று ஒருவர். எங்களுக்கெல்லாம் முன்னமே வந்தவர், கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர், நல்ல மனிதர். இது நையாண்டி இல்லை. நான் வந்த புதிதில் குளிர் அங்கி இல்லாமல் நின்றபோது தன்னுடைய பழையதைத் தந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னர் நாங்கள் மோர்டென்ஸ்ருட்டுக்குக் குடிவந்த கிழமை, ஒரு காலை சுரங்க ரயிலில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். மோர்டென்ஸ்ருட் கடைசித் தரிப்பிடம். அங்கே ஏறினால் நகரம் போகும்வரை தப்ப வழியில்லை.

"தம்பி, நீர் ஊரிலை எவடம்?"

"பருத்தித்துறைப் பக்கம் அண்ணை."

"பக்கம் எண்டால்? பக்கம் கனக்க இருக்கு."

"டவுணுக்குக் கொஞ்சம் இஞ்சாலை."

"இஞ்சாலை எண்டால் எந்தக் கோயிலடி?"

"அண்ணை, எனக்கு இதிலை இறங்கோணும்."

"இதிலையோ? உமக்கு வேலை டவுணிலை எல்லோ?"

"ஒரு ஆளைப் பார்க்கோணும்."

இறங்கினேன். பார்க்க ஒரு ஆளும் இல்லை. பனிக்குள் நின்று அடுத்த ரயிலைப் பிடித்து வேலைக்குப் பிந்திப் போனேன். அன்றிலிருந்து அவர் முன்பெட்டியில் ஏறினால் நான் பின்பெட்டி. அவருடைய பேரன் கவின் இப்போது ஆரபியின் வகுப்பு. பெற்றோர் நாளுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவது எப்போதும் தவராசா அண்ணைதான். சுவரில் ஒட்டுவதை ஒன்றுவிடாமல் வாசிப்பார்.

என் பயம் எனக்காக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாளைக்குக் கவின் வீட்டில் ஏதாவது கேட்டு வந்து ஆரபியிடம் ஏதாவது சொன்னால்? அவளுக்கு அந்தச் சொற்கள் ஒன்றும் தெரியாது. தெரியாமலே வளரட்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தது. துலிப் பூவோடு போகட்டும்.

4

ஆனால் இங்ரிட்டின் மரம் என்னை விடவில்லை. குரோ எல். ஷானி. அந்த "எல்".

எனக்கு இந்த நாட்டில் முதல் நடந்த கூத்தே பெயரில்தான். அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை, என் பெயர் ரூபன், முதல் எழுத்து தகப்பனுடையது என்றேன். அந்த அம்மா யோசித்துவிட்டுத் தகப்பனின் பெயரையே குடும்பப் பெயர் ஆக்கிவிட்டா. அன்று முதல் வைத்தியசாலை, வரிக் கந்தோர், வங்கி எல்லா இடத்திலும் "கந்தையா!" என்று கூப்பிடுவார்கள். நான் முதலில் அப்பா எங்கே என்று திரும்பிப் பார்ப்பேன். இரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட மனிதர். பள்ளிக்கூட வரவு இடாப்பில் ஒழுங்காகக் கூப்பிடப்படாத அந்தப் பெயரை இந்த நகரத்தின் கந்தோர்கள் எல்லாம் மாறி மாறிக் கூப்பிடுகின்றன.

ஆகவே பெயருக்கு நடுவில் தனி எழுத்தைக் கண்டால் என் மூளை ஒரே பக்கம்தான் போகும். எல் என்பது தகப்பன். அப்படியென்றால் கடைசியில் இருக்கும் ஷானி என்ன? எங்கள் ஆட்கள் பெயரோடு ஊரைச் சேர்ப்பதில்லையா? குரோ, இன்னாரின் மகள், இருப்பது ஷானியில்.

இது எங்களுடைய யோசனை, இவர்களுக்குப் பொருந்தாது என்று நினைத்தேன். வாசித்தால் பொருந்தியது. நோர்வேயிலும் பழைய நாளில் தன் பெயர், தகப்பன் பெயர், கடைசியில் இருக்கும் பண்ணையின் பெயர். பண்ணை மாறினால் அந்தக் கடைசிப் பெயரும் மாறும். கன்சாஸில் ஷானி என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஷானி மக்களை அங்கிருந்து கிளப்பிய பிறகும் அவர்களுடைய பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்ட ஊர்.

கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஊலாவின் மரத்தில் இருப்பது அறியாமல் வந்த பிழை. என் மரத்தில் இருப்பது நான் அறிந்து கீறவிட்ட துலிப் பூ. நான் எந்த வாயால் போய் அவனுக்குச் சொல்வது?

இரண்டு நாள் சுணங்கினேன். மூன்றாம் நாள் சலவை அறையில் கண்டபோது சொல்லிவிட்டேன். ஊலா நனைந்த துவாயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"அப்ப அவ ஷானி இல்லை எண்டு சொல்லுறியோ?"

"ஷானியிலை இருந்தவ எண்டு சொல்லுறன்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. ஒக்லஹோமாவிலை ஷானி ஆக்கள் இருக்கினம். அவையளையே கேள்."

கோபமாகத்தான் போனான். ஆனால் கேட்டான். படத்தின் இரு பக்கத்தையும் வைத்து, ஒக்லஹோமாவில் ஷானி மக்களின் வரலாற்றுப் பதிவுகளைப் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மின்னஞ்சல் எழுதினான். ஒரு கிழமையில் பதில் வந்தது. ஊலா அதை அச்செடுத்து, இங்ரிட்டையும் கூட்டிக்கொண்டு எங்கள் குசினிக்கே வந்துவிட்டான். நின்றபடியே வாசித்தான்.

இப்படியான கடிதங்கள் தங்களுக்கு அடிக்கடி வரும், இவ்வளவு மரியாதையாக வருவது குறைவு என்று தொடங்கியிருந்தா. தங்கள் ஆட்கள் பெயருக்குப் பின்னால் ஷானி என்று போட்டுக்கொள்ளும் வழக்கத்தைத் தான் காணவில்லை, அது ஊராக இருக்கலாம். "அந்த ஊரில் நாங்கள் இருக்க முடியாமல் போனது. பெயர் நின்றுவிட்டது" என்று ஒரே வரியில் எழுதியிருந்தா. எல் என்ற எழுத்தை உங்கள் நாட்டில் தேடுங்கள், அவவுக்கும் ஆட்கள் இருந்திருப்பார்கள். கடைசியில் இங்ரிட்டுக்குத் தனியாக: "எங்களைப் பற்றி எழுதினால் இருந்தார்கள் என்று எழுதாதே. இருக்கிறார்கள் என்று எழுது. என் பிள்ளைகளும் உன்னைப் போலப் பள்ளிக்கூடம் போகிறார்கள். பின்னேரங்களில் எங்கள் மொழி படிக்கிறோம்."

கையெழுத்துக்கு மேலே அவர்களுடைய மொழியில் நன்றி என்று போட்டிருந்தது. நியாவே.

"நியாயமே எண்டு எழுதியிருக்கிறாவோ?" என்று ஆரபி எட்டிப் பார்த்தாள்.

ஊலா கதிரையில் இருந்தான். அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"எத்தினை வருசம்" என்றான். "எத்தினை வருசமா என்ரை முதுகைக் காட்டிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்!" பிறகு சிரிக்கத் தொடங்கினான். பெரிய பாரம் ஒன்றைக் குழாயோடு சேர்த்து இறக்கிவைத்தவன் மாதிரி. "நான் எப்பவும் இந்தக் கதையைக் கொஞ்சம் சத்தமாய்த்தான் சொல்லுறனான், தெரியுமோ? மெய்யான கதைக்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை."

அன்றே என் கணினியில் பழைய கோயிற்பற்று, அதாவது தேவாலயப் பதிவுப் புத்தகங்களைத் தேடினோம். ஹாலிங்டால் பள்ளத்தாக்கில், அமெரிக்காவுக்குப் போனவர்களின் வரிசையில் அகப்பட்டாள். குரோ, லார்ஸின் மகள், போன இடம் கன்சாஸ். நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து காரில் மூன்று மணித்தியாலம்.

இங்ரிட் இறகுக் கிரீடத்தை எடுத்து இறகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஆரபி அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, எங்கடை மரம் சரிதானே?"

5

வதனி அடுப்பை நிறுத்தினாள். "சொல்லுங்கோவன்" என்றாள். அவ்வளவுதான்.

நான் சொல்லவில்லை. போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டு ஆரபியின் கையில் கொடுத்தேன். திரையில் அப்பாவின் நெற்றியும் மேலே ஓடும் மின்விசிறியும் தெரிந்தன. முகத்தைக் காட்ட அவர் இன்னும் பழகவில்லை.

"அப்பப்பா, நீங்கள் என்ன தோட்டம் செய்தனீங்கள்?"

"தோட்டமோ? ஆரின்ரை தோட்டம்?"

"உங்கடை. அப்பா சொன்னவர்."

"எங்களுக்கு எங்கை பிள்ளை காணி!" அப்பா இருமி இருமிச் சிரித்தார். "நான் மரம் ஏறினனான்."

"என்ன மரம்?"

"பனை. வேறை என்ன மரம் ஏறுறது?"

"எத்தினை மரம்?"

"முப்பது. காலமை ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால்."

"கயிறு? ஹெல்மெட்?"

"காலுக்கு ஒரு நார். இடுப்பிலை கத்தி, கள்ளு முட்டி. அவ்வளவுதான்."

"ஸிக்ட்!" என்று ஆரபி கத்தினாள்.

"என்னடா சொல்லுறாள்?"

"இஞ்சை அந்தச் சொல்லுக்கு நோய் வருத்தம் எண்டு அர்த்தம் அப்பா. இவளின்ரை வகுப்பிலை அபாரம் எண்டு அர்த்தம்."

ஆரபி என் பக்கம் திரும்பினாள். "ஏன் அப்பா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். கோபம் வந்தால் நோர்வேஜிய மொழிக்குப் போய்விடுகிற பிள்ளை.

என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது நீளமான பதில். கோயிலடி, கிணற்றடி, பேணி எல்லாம் வரும். "அதைப் பெருமையாய்ச் சொல்ல எனக்குத் தெரியேல்லை" என்றேன். அது பொய் இல்லை. மிச்சத்தை அவள் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்வேன். சொல்லத்தான் வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவெடுத்தேன்.

போனுக்குள் இருந்து அப்பா கூப்பிட்டார். "டேய் ரூபன், எங்கையோ எழுதுறாளோ?"

"ஓம் அப்பா. பள்ளிக்கூடச் சுவரிலை ஒட்டுவினம்."

திரையில் மின்விசிறி விலகி அப்பாவின் முகம் முழுதாக வந்தது.

"முப்பத்தெட்டு வருசம் ஏறினனான்" என்றார். "ஒருநாளும் விழேல்லை. அதையும் எழுதச் சொல்லு."

ஆரபி பழைய கடதாசியைக் கசக்கிப் போட்டாள். புதிதாகக் கீறத் தொடங்கியதும் ஒரு சிக்கல் வந்தது. பள்ளிக்கூடம் தந்த மாதிரியில் மரத்துக்குக் கொப்புகள். பனைக்குக் கொப்பு இல்லை. அவள் ஒருவரையும் கேட்கவில்லை. நெட்டையாக ஒரு பனையைக் கீறி, அடியில் தன் பெயரை எழுதி, மேலே மேலே எங்களை எல்லாம் வரிசையாக, ஏறுகிறவர்கள்போல ஒட்டினாள். வதனியின் ஆட்கள் ஒரு பக்கம், என் ஆட்கள் மறுபக்கம். ஓலைகள் விரியும் வட்டுக்குக் கீழே, கத்தியும் முட்டியுமாக, வாய் நிறையப் பல்லோடு அப்பா.

6

வியாழக்கிழமை. நடைகூடம் நிறையச் சனம், கோப்பி மணம், ஈரச் சப்பாத்து. பிள்ளைகள் சொன்னபடி இரண்டு மரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இங்ரிட்டின் மரத்தில் இறகு இல்லை. குரோவின் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாள்: லார்ஸின் மகள். ஹாலிங்டாலில் பிறந்தவள். ஷானி என்ற ஊரில் இருந்தவள். அவளுக்கு முன்னர் அங்கே ஷானி மக்கள் இருந்தார்கள், அவர்களை அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இப்போது ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள். "இருக்கிறார்கள்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. ஊலா வருகிறவர்கள் எல்லாரையும் தானே பிடித்து நிறுத்தி, மெதுவான குரலில், தான் எப்படி ஷானி இல்லை என்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய கதையைவிட இதற்குக் கூட்டம் அதிகம்.

ஆறரைக்குத் தவராசா அண்ணை வந்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரின் முதல் மரத்திலிருந்து தொடங்கினார். ஒவ்வொன்றாக வாசித்து வந்தார். வதனி என் கையைப் பிடித்தாள், பிடித்ததோடு ஒரு கிள்ளும் கிள்ளினாள். ஓடவேண்டாம் என்று அர்த்தம்.

பனைக்கு முன்னால் நின்றார்.

"பிள்ளை, உது பனை எல்லோ?"

"ஓம்" என்றாள் ஆரபி. "மேலை நிக்கிறது என்ரை அப்பப்பா. முப்பது மரம் ஏறுறவர், ஒரு நாளைக்கு ரெண்டு தரம். ஒருநாளும் விழேல்லை. நீங்களும் ஏறுவீங்களோ?"

தவராசா அண்ணை படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "நான் ஏறேல்லை. ஏறின ஆக்கள் இறக்கித் தந்ததைக் குடிச்சிருக்கிறன்."

"நல்லா இருக்குமோ?"

"காலமைக் கள்ளு... ம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுமாதிரி ஒண்டும் இஞ்சை இல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் கேள்விக்காகக் காத்திருந்தேன். ஒன்பது வருடம் காத்திருந்த கேள்வி.

"தம்பி, அப்பா இருக்கிறாரோ?"

"இருக்கிறார் அண்ணை."

"சுகமாய் இருக்கிறாரோ?"

"முழங்கால் கொஞ்சம் ஏலாது. மற்றபடி சுகம்."

"கேட்டதாய்ச் சொல்லும்" என்றார்.

சொல்லும் என்றார். சொல்லு என்று சொல்லவில்லை. அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. பழைய கணக்கு ஏதாவது போட்டிருப்பார், போடாமலும் விட்டிருப்பார். ஆனால் என் வாய் தானாகத் திறந்தது. அவர் கேட்காத கேள்விக்கு முழுப் பதிலும் சொன்னேன். ஊர் சொன்னேன். ஊருக்குள் எந்த ஒழுங்கை, எந்தக் கோயிலடி, எந்தக் கிணறு, ஆருடைய பிள்ளை என்று எல்லாவற்றையும், கவின் வயதுப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்புவிப்பதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். வதனி கிள்ளுவதை விட்டுவிட்டாள்.

"அந்தக் கோயிலடியாலை நான் சைக்கிளிலை போயிருக்கிறன்" என்றார் தவராசா அண்ணை. அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் கேட்க இருக்கவில்லை. அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். ஊலா அவரைப் பிடித்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் முன்பெட்டியில் ஏறினேன். பழக்கமில்லாத பெட்டி, இருக்கைத் துணிகூட வேறு நிறமாகத் தெரிந்தது. தவராசா அண்ணை யன்னலோரம் இருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் இருந்தேன். மழையைப் பற்றி, பேரனின் பல் கம்பியைப் பற்றி, நோர்வேயில் வெண்டிக்காய் விற்கும் விலையைப் பற்றிக் கதைத்தோம். அன்றைக்கு நான் இறங்கி ஓடிய தரிப்பிடம் வந்தது. கதவு திறந்தது.

"தம்பி, இதிலை ஒரு ஆளைப் பார்க்கோணுமோ?" என்று அவர் வெளியே பார்த்தபடி கேட்டார்.

ஒன்பது வருடம் அதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

"இல்லை அண்ணை" என்றேன். "டவுண் மட்டும் வாறன்."

கதவு பூட்டியது.